லேபிளும் ராஜா தலையும்

எங்கள் பக்கத்தில் வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும். ஆலங்குளத்திலிருந்து வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் என்று எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் வழியில் பட்டாசு ஆலை வரும். மருந்து ரூமில் வேலை முடித்து வருகிறவர்களின் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு கந்தகம் வீட்டுக்குள் வந்துவிடும். அது பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லித் தருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ் எல்லாம் மாதம் ஒருமுறை புளியைப் பார்த்துவிடும்.

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைப்பவர்கள் உண்டு. இது சிமெண்ட் ஆலங்குளம். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. அப்பாவுக்கு அதில் வேலை. அத்தை வீட்டு மாமா பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர். பெரியப்பா தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கேஷியர். நான் படிப்பு முடிந்ததும் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் சேர்ந்தேன். சிமெண்ட், பட்டாசு, தீப்பெட்டி, அச்சு: இந்த வட்டாரத்தின் பிழைப்பு மொத்தமும் எங்கள் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. காசு சேர்க்கும் கிறுக்கு எனக்குப் பிடித்ததற்கும், பிற்பாடு காசுக்குத் தரம் போடும் கம்பெனிகளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டானதற்கும் இந்த நான்கு பிழைப்புகளும் காரணம்.

அத்தையின் தகரப் பெட்டியில் ராஜா தலை ரூபாய்கள் இருந்தன. எட்வர்டு தலை கொஞ்சம், ஐந்தாம் ஜார்ஜ் தலை நிறைய, ஆறாம் ஜார்ஜ் ஒன்றிரண்டு. கல்யாணச் சீரில் வந்தவை. 1940-க்கு முந்தைய ரூபாய் ஒன்று 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-ல் சர்க்கார் அதைப் பாதி வெள்ளியாகக் குறைத்தது. 1947-ல் அதுவும் போய் நிக்கல் ரூபாய் வந்துவிட்டது. அத்தை இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆட்டுக்கல் விளிம்பில் காசைச் சுண்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, "இது முழு வெள்ளி, இது கலப்படம்" என்று பிரித்து வைப்பாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பெட்டியைத் திறப்பாள். ஊறவைத்த புளி, அடுப்புச் சாம்பல், சலித்த செங்கல் பொடி கொஞ்சம். தேங்காய் நாரில் தொட்டு ஒவ்வொரு காசாகத் தேய்ப்பாள். "இப்படிக் கருத்துப்போய்க் கெடந்தா லட்சுமி எப்படிய்யா உக்காருவா?" என்பாள். தேய்த்து முடித்து மஞ்சள் துணியில் பரப்பினால் கண் கூசும். அந்தக் காசுகளின் மேல் எனக்கு முதலில் ஆசை வந்தது அந்தப் பளபளப்பினால்தான்.

பெரியப்பாவின் வழி நேர் எதிர். தீப்பெட்டி ஆபீஸில் சனிக்கிழமை சம்பளம். கட்டை அடுக்கிய கணக்கு, பெட்டி ஒட்டிய கணக்கு என்று பைசா வரைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்காகப் பேங்கிலிருந்து மூட்டை மூட்டையாகச் சில்லறை வரும். சில மூட்டைகளில் நாணயச்சாலைச் சூடு ஆறாத புதுக் காசு. அதில் அழகானதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் பையிலிருந்து ஒரு காசைப் போட்டுவிடுவார். 1964 நேரு ரூபாய், 1968-லிருந்து வந்த மஞ்சள் நிற இருபது பைசா தாமரைக் காசு, அவருடைய சின்ன வயதில் கிடைத்த 1947 புலி ரூபாய் என்று ஒவ்வொன்றும் பஞ்சு வைத்த தீப்பெட்டிக்குள் போகும். தேய்க்க மாட்டார், தேய்க்க விடவும் மாட்டார். நான் காசின் முகத்தில் கட்டைவிரலை வைத்தால் கையில் ஒன்று போடுவார். "ஓரத்தைப் பிடிடா. உன் கை வேர்வை அதுக்கு வெசம்."

அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் இதில் எப்போதும் தர்க்கம்தான். பீரோவுக்குள் பூட்டி வைத்த காசு பிணம் என்பாள் அத்தை. தேய்த்த காசு தோல் உரித்த ஆடு என்பார் பெரியப்பா. இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

பிரஸ்ஸில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து ஒரு பூதக்கண்ணாடி. நாலு கலர் காலண்டர் ஓடும்போது, தாளை எடுத்து அதன் மேல் அந்தச் சின்ன லென்ஸை வைத்துக் கண்ணை ஒட்டிப் பார்க்க வேண்டும். முருகன் கன்னம் என்று நாம் பார்ப்பது அதற்குள் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். ஒரு கலர் மயிரிழை விலகினாலும் முருகனுக்கு இரண்டு உதடு தெரியும். நாள் முழுக்க அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வேறு எதையும் சும்மா பார்க்கத் தோன்றாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே லென்ஸில் அத்தையின் 1938 ரூபாயையும் பெரியப்பாவின் புலி ரூபாயையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்.

புலி ரூபாயில், காலியிடம் என்று நாம் நினைக்கும் சமதளத்தில்கூட மெல்லிய கோடுகள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடின. அச்சு விழும் அழுத்தத்தில் உலோகம் நகர்ந்த தடம் அது. காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் ஒளி ஒரு சக்கரமாகச் சுற்றி வருவது இந்தக் கோடுகளால்தான். அத்தையின் ரூபாயில் அந்தக் கோடு ஒன்றுகூட இல்லை. ராஜாவின் கிரீடத்து மணிகள் மழுங்கியிருந்தன. கன்னத்தில் இடமிருந்து வலமாக, ஒரே சாய்வில், நூற்றுக்கணக்கான கீறல்கள். செங்கல் பொடி போன பாதை. வெறுங்கண்ணுக்குப் பளபளக்கிற காசு அத்தையுடையது. லென்ஸுக்குள் ஒளி இருந்தது பெரியப்பாவின் காசில்.

பிற்பாடு தரம் போடுவதைப் பற்றி நான் தெரிந்துகொண்ட எல்லாவற்றுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அரிச்சுவடி.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-ல் ஒரு கணக்கு வைத்தார். அந்நாட்டுப் பழைய செப்பு சென்ட் காசுகளுக்கு 1 முதல் 70 வரை எண். தேய்ந்து அடையாளம் மட்டும் மிஞ்சியது 1. குறையே இல்லாதது 70. மட்டமான காசு ஒரு டாலர் என்றால் 70 எண் வாங்கிய காசு எழுபது டாலர். விலைக்காகப் பிறந்த எண்தான் அது. (அந்த ஷெல்டனே அமெரிக்க நாணயவியல் கழகத்தின் உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் மட்டமானவற்றை வைத்துவிட்டார் என்பது அவர் செத்த பிறகு வெளிப்பட்டது. தரம் அறிந்தவர் அல்லவா, சரியாகத்தான் பொறுக்கியிருக்கிறார்.) விலைப் பெருக்கல் சீக்கிரமே பொய்த்துப்போனது, எண் மட்டும் நிலைத்துவிட்டது. 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி என்று இரண்டு கம்பெனிகள் வந்தன. காசை வாங்கி, யாருடையது என்று தெரியாமலே பல கண்கள் பார்த்து, எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, வரிசை எண்ணோடு லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். சேகரிப்பவர்கள் அந்தப் பெட்டியை ஸ்லாப் என்கிறார்கள். 60-லிருந்து 70 வரை புழக்கத்துக்கே போகாத காசுகளுக்கு. எண்ணுக்கு முன்னால் எம்எஸ் என்று போடுவார்கள். புழங்கிய காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் 58-ஐத் தாண்டாது.

இதனால் விலை என்ன ஆனது? முன்பு விற்கிறவர் "நல்ல காசு" என்பார், வாங்குகிறவர் "சுமார்தான்" என்பார், டீக்கடையில் பேசி முடிப்பார்கள். எண் வந்த பிறகு காசைப் பார்க்காமலே வாங்கலாம் என்றாயிற்று. பார்க்காமல் வாங்கலாம் என்றால் வெளியூர், வெளிநாட்டுப் பணமெல்லாம் உள்ளே வரும். 2013-ல் 1794-ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று ஒரு கோடி டாலரைத் தாண்டி ஏலம் போனது. அபூர்வமான காசுதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் பெட்டியில் 66 என்று இருந்ததற்கும் அந்த விலையில் பங்குண்டு. 64-க்கும் 65-க்கும் நடுவில் லென்ஸ் வைத்தாலும் சட்டென்று தெரியாத வித்தியாசம், விலையில் இரண்டு மடங்காக, மூன்று மடங்காக நிற்கிற காசுகள் உண்டு. மலை உச்சியில் ஒரு படி ஏறினால் பிறகு ஆளே இல்லை. அந்த ஒரு படிக்குத்தான் அத்தனை விலை.

சத்திரப்பட்டியில் எனக்கு ஒரு நண்பர். பேண்டேஜ் துணி நெசவு, தறி வைத்திருக்கிறார். என்னைவிடப் பெரிய காசுக் கிறுக்கர். அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்கலாம் என்ற யோசனை அவருடையது. ஏஜெண்ட் ஒருவர் பலரிடம் சேர்த்து மொத்தமாக அனுப்புவார். நான் பெரியப்பாவின் புலி ரூபாயையும், பிரஸ்ஸில் வேலை கிடைத்தபோது அத்தை என் கையில் வைத்த 1938 ரூபாயையும் கொடுத்தேன். அத்தையின் காசு எப்படித் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் லென்ஸில் நான் கண்டதை அவர்களும் காண்கிறார்களா என்று பார்க்கும் ஆசை.

எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்பதில்தான் நம் ஊர்ச் சேகரிப்பாளருக்கு முதல் முட்டுக்கட்டை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள்; நம் இஷ்டத்துக்கு நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. அத்தையின் பெட்டியில் 1911 ரூபாய் ஒன்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்ட வருடத்துக் காசு. ராஜாவின் சங்கிலியில் இருக்கும் யானை, துதிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி போலத் தெரிகிறது என்று நாடெங்கும் பேச்சு கிளம்பி, 1912-ல் யானையைத் திருத்திப் புது அச்சு போட்டார்கள். பன்றி ரூபாய் என்றால் சேகரிப்பவர்களுக்கு உயிர். அந்தக் காசு சிவகாசியைத் தாண்டவில்லை, தாண்டவும் முடியாது. உலகச் சந்தையில் எண் இல்லாத காசு. இங்கே எல்லோருக்கும் தெரிந்த காசு. நம் நாட்டின் நல்ல காசுகள் பலவும் இந்த வேலிக்கு உள்ளேதான் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

வெம்பக்கோட்டையில் 2022-லிருந்து தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. வைப்பாற்றங்கரை மேட்டில் சங்கு வளையல்களும் மணிகளும் குவியலாக வந்தன. குழி பார்க்கப் போனபோது நண்பர் மெல்லக் கேட்டார், இங்கே ஒரு பாண்டியன் காசு கிடைத்தால் என்ன எண் போடுவார்கள் என்று. பழங்காலக் காசுக்கும் என்ஜிசி தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அச்சுக்கு ஐந்து, மேற்பரப்புக்கு ஐந்து. ஆனால் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு செப்புக் காசில் பெருவழுதி என்ற பெயரைத் தமிழ் பிராமியில் படித்துச் சொன்னாரே, அதற்கு எந்த எண் ஈடு? களிம்பேறிய காசு அது. எழுத்து தெரிந்தது, போதும். மண்ணிலிருந்து வந்ததைப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லவேண்டும் என்று நண்பருக்கு ஞாபகப்படுத்திவிட்டுக் கிளம்பினோம். 1878-ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே சொல்ல வேண்டும்.

மாதங்கள் கழித்துப் பார்சல் வந்தது. புலி ரூபாய்க்கு எம்எஸ் 64. அத்தையின் ரூபாய்க்கு எண்ணே இல்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் லேபிளில் ஒரு வரி. அமெரிக்காவில் விளக்கடியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், பெயரோ ஊரோ தெரியாமல், அத்தையின் தேங்காய் நாரைப் பார்த்துவிட்டார். பெரியப்பா உயிரோடு இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்திருப்பார்.

புலி ரூபாயைச் சென்னைக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்தே கேட்டு வாங்கினார். கட்டணம், கூரியர், ஏஜெண்ட் கமிஷன் போகக் கையில் கொஞ்சம் நின்றது. ஆனால் இது எல்லாக் காசுக்கும் நடக்காது. நம் குடியரசுக் காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு, காசின் விலையைவிடத் தரம் போடும் கூலி அதிகம். தாமரைக் காசை அனுப்பச் சொல்லி நண்பர் நச்சரித்தபோது, அந்தக் கூலிக்கு அதே காசை டப்பா நிறைய வாங்கலாமே என்று கேட்டேன். தேய்த்த காசுக்கோ இந்தப் பயணம் நேர் நஷ்டம். லேபிள் இல்லாமல் இருந்தால் யாராவது பளபளப்பில் மயங்கி வாங்கியிருப்பார். இப்போது குற்றப்பத்திரிகை அதன் கூடவே இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கந்தகக் கறையில் வெள்ளி நீலமும் ஊதாவுமாக மாறியிருந்தால் அங்கே அதற்குத் தனி மவுசு; கூடுதல் விலை கொடுக்கிறார்கள். மாமாவின் சட்டைக் கந்தகம் செய்த வேலைக்குப் பரிசு. அதை எடுக்க அத்தை செய்த வேலைக்குத் தண்டனை. பூஜைக்கு வைக்கிற காசைக் கறுப்பாக வைக்கிற வீடு எங்கள் தெருவில் கிடையாது. அப்படிப் பார்த்தால் இந்த நாட்டு வீடுகளில் இருக்கிற ராஜா தலை ரூபாய்களில் முக்கால்வாசிக்கு எண் கிடைக்காது. லென்ஸ் சொல்வது பொய்யில்லை. கீறல் கீறல்தான். ஆனால் எதைக் காயம் என்பது, எதை அழகு என்பது என்று முடிவு செய்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள்.

சரி, எண்ணை நம்புகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். எண் எங்கே இருக்கிறது? லேபிளில். இங்கேதான் என்னுடைய தொழில் குறுக்கே வருகிறது. சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்ததே லேபிளால்தான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அதற்காக மெஷின்கள் வந்தன. பிறகுதான் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும். ஒரு லேபிள் நன்றாக விற்கிறது என்றால் அதே படம், அதே நிறம், ஒரே ஒரு எழுத்து மாற்றத்தோடு இன்னொன்று சந்தைக்கு வரும். அசலும் போலியும் என் மேஜையிலேயே பக்கத்தில் பக்கத்தில் கிடந்து பார்த்திருக்கிறேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து குச்சியை உரசிப் பார்ப்பதில்லை; லேபிளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்.

மதுரையில் ஒரு காசுக் கண்காட்சியில் நண்பர் பாதி விலையில் ஸ்லாப் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1939 ரூபாய். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் அபூர்வமானது. 1938-ன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது பழைய வித்தை என்பதால் அதை யாரும் சும்மா வாங்க மாட்டார்கள். இது பெட்டிக்குள் எண்ணோடு இருந்தது. நண்பர் போனில் வரிசை எண்ணைத் தட்டினார்; கம்பெனி இணையதளத்தில் 1939 ரூபாய் என்றே வந்தது. அவர் பர்ஸை எடுத்துவிட்டார். நான் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். காசின் மேல் வைக்கவில்லை, லேபிளின் மேல் வைத்தேன். கறுப்பு எழுத்து கறுப்பு மையில் மட்டும் விழுந்திருந்தால் விளிம்பு கத்தியால் வெட்டினதாக இருக்கும். இதில் எழுத்தின் விளிம்பில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள். அசல் லேபிளை ஸ்கேன் செய்து நாலு கலரில் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள். எண் அசல் காசினுடையது, பெட்டி போலி. இணையதளத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அந்தக் காசில் காதுக்குக் கீழே ஒரு வடு, இதில் இல்லை. விற்றவர் எங்களோடு வாதாடவில்லை, பெட்டியை மெல்ல வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அதுவே பதில்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பெட்டிக்குள் சிப் வைக்கிறார்கள், ஹோலோகிராம் வைக்கிறார்கள். போட்ட எண் சரிதானா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதற்கே 2007-ல் சிஏசி என்று ஒரு கம்பெனி வந்துவிட்டது. அதைத் தொடங்கியவர், முதல் இரண்டு கம்பெனிகளையும் உருவாக்கியதில் பங்குள்ள ஜான் அல்பனீஸ். லேபிளுக்கு ஒரு லேபிள்.

இதெல்லாம் பணமுள்ளவர்களின் சூதாட்டம் என்று விட்டுவிடலாம். எங்கள் தெருவுக்கு வந்தது வேறு மாதிரி. பட்டாசு ஆலைக்குப் போகிற ஒரு பெண் ஒருநாள் மாலை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் காசு ஒன்றைக் காட்டினார். 2012-ல் வெளியான வைஷ்ணோ தேவி காசு. "அண்ணே, இது பத்து லட்சம் போகுமாமே, போன்ல சொன்னாங்க. ரிசர்வ் பேங்க் முத்திரை போட்ட கடுதாசிகூட அனுப்பிட்டாங்க. பதிவு பண்ண மட்டும் பணம் கட்டணுமாம்." ஒரு தவணை கட்டியும் விட்டிருந்தார். கோடிக்கணக்கில் அச்சடித்த காசு, ஐந்து ரூபாய்க்குக் கடையில் செல்லும் என்று சொன்னபோது என் மேல்தான் அவருக்குச் சந்தேகம். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, பழைய காசு விற்கவோ வாங்கவோ எங்கள் பெயரில் கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று வெளியிட்ட அறிவிப்பை எடுத்துக் காட்டினேன். அதிலும் அதே முத்திரை இருந்தது. "இது மட்டும் அசலுன்னு எப்படிண்ணே சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுநாள் அவரை வங்கிக்கே அழைத்துப் போய் மேனேஜர் வாயால் சொல்லவைத்தேன். கட்டிய பணம் போனது போனதுதான்.

அத்தை போன பிறகு பெட்டியைப் பங்கு பிரித்தார்கள். பேத்தி கல்யாணத்துக்கு நகை செய்ய, சிவகாசியில் வெள்ளிக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். அவர் தராசில் மொத்தமாகக் கொட்டினார். எட்வர்டும் ஜார்ஜும், தேய்ந்ததும் தேயாததும், எல்லாம் ஒரே கிராம் கணக்கு. பாதி வெள்ளிக் காசுகளை மட்டும், அத்தை செய்தது போலவே, சுண்டிப் பார்த்துத் தனியே ஒதுக்கினார். பன்றி ரூபாயை நான் எடை விலை கொடுத்து எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்கு அதில் ஆட்சேபம் இல்லை, அத்தை மகனுக்கும் இல்லை.

1938 ரூபாய் அந்த எண்ணில்லாத ஸ்லாப்புக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து இன்னொரு தரம் அனுப்பலாம், வேறு கண் பார்த்தால் ஏதாவது எண் விழும் என்கிறார் நண்பர். அமெரிக்காவில் பலர் அப்படிச் செய்கிறார்கள். 64-ஐ உடைத்து 65 வாங்கியவர்கள் உண்டு. 2038 வந்துவிட்டால் இதற்கும் நூறு வயது, பிறகு அனுப்பவே முடியாது என்று அவசரப்படுத்துகிறார். கூலியும் கூரியரும் அவர் கட்டுவதானால் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.